ஒரு மைல் தரை: ரான் ஹில்லின் 52 ஆண்டு ஓட்டத்தில் எடுக்க வேண்டியதும் விட வேண்டியதும்

1964 டிசம்பர் 20 முதல் 2017 ஜனவரி 28 வரை ஒரு நாள் தவறாமல் ஓடியவர் ரான் ஹில். 52 ஆண்டும் 39 நாளும். நாளாகச் சொன்னால் 19,032. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் அக்ரிங்டன் என்ற ஆலை ஊரில் 1938ல் பிறந்தவர். மான்செஸ்டரில் ஜவுளி வேதியியல் படித்து டாக்டர் பட்டம் வாங்கி, அந்தத் துறையிலேயே வேலை பார்த்தவர். ஓட்டம் அவருக்குச் சம்பளம் தரும் தொழிலாக இருக்கவில்லை. வேலைக்கு முன்னும் பின்னும் கிடைத்த நேரத்தில்தான் ஓடினார்.

நாள் தவறாத இந்தத் தொடரை ஆரம்பித்ததற்கு இரண்டு மாதம் முன்பு, டோக்கியோ ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் 18வது, மாரத்தானில் 19வது. அதன்பின் 1969ல் ஏதென்சில் ஐரோப்பிய மாரத்தான் பட்டம். 1970 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானை 2 மணி 10 நிமிடம் 30 விநாடியில் ஜெயித்தார். அதை வென்ற முதல் பிரிட்டிஷ்காரர் அவர்தான். அதே ஆண்டு எடின்பரோ காமன்வெல்த் போட்டியில் 2:09:28. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 6வது இடம்.

இந்த ஆய்வில் பதக்கங்களுக்கு வேலையில்லை. 1972க்குப் பிறகு உச்சப் போட்டிகள் முடிந்தன, வயது ஏறியது, சொந்த விளையாட்டு உடை வியாபாரமும் இருந்தது. அப்போதும் தொடர் நிற்கவில்லை. பதக்க ஆசை ஓட்ட வைத்த காலம் போக, பாக்கி நாற்பது சொச்சம் ஆண்டுகளை எது தாங்கியது என்பதுதான் கேள்வி. ‘இரும்பு மனசு’ என்று பதில் சொல்லிவிட்டால் படிப்பவருக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அவருடைய ஏற்பாட்டைப் பிரித்துப் பார்த்தால் எடுத்துக்கொள்ள நாலைந்து பாகங்கள் கிடைக்கின்றன. ஒன்று கழன்றும் கிடக்கிறது.

விதி

ஹில்லின் விதி ஒரே வரி: ஒரு நாளுக்குக் குறைந்தது ஒரு மைல், எந்த வேகத்திலும். ஒரு மைல் 1,609 மீட்டர். 400 மீட்டர் தடத்தில் நாலு சுற்றும் ஒன்பது மீட்டரும். மெதுவாக ஓடுபவருக்கும் 12, 13 நிமிடத்தில் முடிந்துவிடும்.

அந்த நேரத்தில் அவர் ஓடிக்கொண்டிருந்த அளவோடு இதை வைத்துப் பாருங்கள். நாளுக்கு இரண்டு முறை, ஞாயிறு மட்டும் ஒரு முறை, ஆக வாரத்துக்கு 13 ஓட்டம் என்று இருபத்தாறு ஆண்டுகள் ஓடினார். வாழ்நாள் கணக்கு ஒன்றரை லட்சம் மைலைத் தாண்டியது. தினம் ஒரு மைல் மட்டுமே ஓடியிருந்தால் தொடர் முழுவதற்கும் 19,032 மைல்தான் வந்திருக்கும், அதாவது மொத்தத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான்.

இந்தக் கணக்கில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு மைல் அவருடைய இலக்காக இருந்ததே இல்லை. கீழே இறங்கவே கூடாத தரை அது. இலக்கு தனியாக, மேலே, போட்டிக்கும் பருவத்துக்கும் தக்கபடி ஏறி இறங்கியது. தரை மட்டும் 1964ல் ஒரு மைல், 2017லும் ஒரு மைல். உலகத் தரத்தில் ஓடிக்கொண்டிருந்தபோதுகூட அதை மூன்று மைலாக உயர்த்தவில்லை.

நம்மில் பெரும்பாலோர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். ‘தினம் ஒரு மணி நேரம் படிப்பேன்’ என்பது இலக்கு. அதையே தரையாகவும் வைத்தால், 40 நிமிடம் படித்த நாள் தோல்வி நாள் ஆகிவிடுகிறது. அப்படி நாலு நாள் சேர்ந்தால் நோட்டை மூடி வைத்துவிடுவோம். ஒழுங்காகத் திட்டம் போடுகிறவர்கள்தான் இதில் அதிகம் விழுவார்கள். சோம்பேறி ஒரு மணி நேரம் என்று எழுதவே மாட்டான்.

விதியில் இன்னொரு நல்ல குணம், அதில் வாதத்துக்கு இடமில்லை. ‘நன்றாக ஓட வேண்டும்’, ‘முடிந்தவரை ஓட வேண்டும்’ என்றெல்லாம் இல்லை. இரவு பதினொன்றரைக்கு, களைத்துப்போய், நமக்கு நாமே வக்கீலாக மாறும் நேரத்தில் இந்தத் தெளிவு தேவைப்படும். ஓடினாயா இல்லையா, ஒரு மைலா இல்லையா என்ற இரண்டே கேள்வி.

மாட்டிய இடம்

இரண்டாவது பாகம், ஓட்டத்தை அவர் எங்கே கொண்டுபோய் மாட்டினார் என்பது. வேலைக்கு ஓடியே போனார், வேலையிலிருந்து ஓடியே வந்தார். வேலைக்குப் போவது தினமும் எப்படியும் நடக்கிற காரியம். ஓட்டம் அதன்மேல் ஏறிக்கொண்டது. ‘இன்று ஓடலாமா’ என்று தனியாக முடிவெடுக்க வேண்டிய வேளையே வரவில்லை. வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் உண்டு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை வைத்து 12 வாரம் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் சாப்பாடு, பானம், உடற்பயிற்சி இவற்றில் ஒரு சிறு செயலைத் தேர்ந்தெடுத்து, ‘காலைச் சாப்பாடு முடிந்ததும்’ என்பதுபோல் ஏற்கெனவே தினம் நடக்கும் ஒன்றோடு இணைத்துக்கொண்டார்கள். செயல் தானாக வருகிறது என்ற நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. இதில் மேல் எண் 12 வாரத்துக்கு அப்பால் கணக்கிட்டு நீட்டியது. ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் பழகியது. உடற்பயிற்சிக்கு அதைவிட ஒன்றரை மடங்கு நாள் பிடித்தது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில் வந்ததுதான்.

‘21 நாளில் பழக்கம்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது வேறு. முகம் மாற்றிக்கொண்ட நோயாளிகள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது ஏறக்குறைய 21 நாள் ஆகிறது என்று 1960ல் ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் எழுதியது, ‘குறைந்தது’ என்ற சொல் கழன்று இப்படி ஆகிவிட்டது. 22ம் நாளும் கஷ்டமாக இருக்கிறதே என்று விட்டுவிடுபவர்களுக்கு இந்தக் கதைதான் காரணம்.

2002ல் வெளியான இன்னொரு பரிசோதனை பிரிட்டனில் 248 மாணவர்களிடம் நடந்தது. அடுத்த வாரம் ஒரு முறையாவது 20 நிமிடம் உடற்பயிற்சி செய்ய வேண்டும். ஒன்றும் சொல்லாத குழுவில் 38 சதவீதம் பேர் செய்தார்கள். இதய நோய் பற்றிப் படிக்கக் கொடுத்து ஊக்கப்படுத்திய குழுவில் 35 சதவீதம். அதே ஊக்கத்தோடு, எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்று எழுதவும் வைத்த குழுவில் 91 சதவீதம். ஊக்கப் பேச்சு மட்டும் கேட்டவர்கள் ஒன்றும் கேட்காதவர்களைவிட மேலே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் இது ஒரே வாரத்தில் ஒரே முறை செய்வது பற்றிய சோதனை. இதைக் காட்டி ஆயுள் முழுக்கப் பழக்கம் நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எழுதி வைப்பது தொடங்கி வைக்கும். தாங்கி நிற்பது மாட்டிய இடம்.

நல்ல இடம் எது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். ‘காலையில்’ என்பது இடமே இல்லை. ‘ஆறு மணிக்கு’ என்பது கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அலாரத்தை அணைத்தால் அதுவும் போயிற்று. ‘பால் அடுப்பில் வைத்ததும்’, ‘பையனை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டதும்’, ‘பஸ்ஸில் சீட் கிடைத்ததும்’, ‘மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்ததும்’ என்பவை நல்ல இடங்கள். நாம் நினைவு வைத்துக்கொள்ளாவிட்டாலும் அவை நடந்துவிடும்.

வேன் ஞாயிறு வராது. தொடர் அறுபடுவது பெரும்பாலும் ஞாயிற்றிலும் பண்டிகை லீவிலும்தான். வார நாளில் பழக்கத்தை மாட்டிய கொக்கி அன்று இல்லை, நேரமோ நிறைய இருக்கிறது, ‘அப்புறம் செய்யலாம்’ என்று இரவு வரை தள்ளிப்போகிறது. ஆகவே ஞாயிற்றுக்குத் தனியாக ஒரு கொக்கி எழுதிக்கொள்ள வேண்டும். வாரத்தில் ஆறு நாள் ஒன்று, ஏழாம் நாள் வேறொன்று.

குறிப்பேடு

ஹில் 1950களிலிருந்தே ஓட்டக் குறிப்பேடு எழுதியவர். தூரம், இடம், உடம்பு எப்படி இருந்தது எல்லாம் அதில் ஏறும். அவருடைய ஒன்றரை லட்சம் மைல் கணக்கு அதிலிருந்து வந்ததுதான்.

குறிப்பேட்டின் பயன் பெருமைக்கு எண் சேர்ப்பது என்று நினைத்தால் பாதிதான் சரி. அதைவிடப் பெரிய பயன், தொடர் அறுபடப் போவதை முன்கூட்டிக் காட்டுவது. அதற்கு ஒரு பத்தி வேண்டும்: தொடங்கிய நேரம். ரூல்டு நோட்டில் தேதி, தொடங்கிய நேரம், அளவு, தடை என்று நாலு பத்தி போதும். நாலு வாரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் உட்கார்ந்து, இரண்டாவது பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். 7.10, 7.15, 7.10, 7.40, 8.30, இரவு 9.50, இரவு 11.20 என்று போனால், எல்லா நாளும் டிக் இருந்தாலும் அது ஆரோக்கியமான பட்டியல் இல்லை. கொக்கி கழன்றுவிட்டது, கடன்காரனுக்குப் பயந்து கொடுப்பதுபோல் தொடர் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் மன உறுதியை ஏற்றிப் பயனில்லை. கொக்கியை மாற்ற வேண்டும். ‘தடை’ பத்தியில் ஒரே சொல் மூன்று முறை வந்திருந்தால், உதாரணமாக ‘ஓவர்டைம்’ என்றோ ‘விருந்தாளி’ என்றோ, எதைச் சுற்றி மாற்ற வேண்டும் என்பதும் அங்கேயே தெரியும்.

நோட்டு ஒத்துவராதவர்களுக்குத் தினசரிக் காலண்டர் கை கொடுக்கும். தரை அளவை முடித்த பிறகுதான் அன்றைய தாளைக் கிழிப்பது, கிழித்த தாளின் பின்பக்கம் தொடங்கிய நேரத்தை எழுதி ஒரு கிளிப்பில் சேர்ப்பது. ஹாலில் தொங்கும் காலண்டர் இதற்குச் சரிப்படாது. காலையிலேயே ராகு காலம் பார்க்க அம்மா கிழித்துவிடுவார். தனக்கென்று இன்னொன்று வாங்கி மேஜைப் பக்கம் மாட்டுவதே நல்லது.

போன் ஆப்பில் எண்ணுவது சுலபம்தான். ஆனால் போன் மாறும்போது, ஆப் பணம் கேட்கும்போது, வெளியூரில் நேரக் குழப்பம் வரும்போது எண் போகும். எண் போனதும் பழக்கமே போய்விட்டதாகத் தோன்றும். ஆப் வைத்திருந்தாலும் மாதக் கடைசியில் மொத்தத்தைத் தாளில் ஒரு வரி எழுதிவிடுவது பாதுகாப்பு.

1993

இனி கழன்ற பாகம். 1993ல் ஹில்லுக்குக் கால் பெருவிரல் மூட்டில் புடைப்புக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பிளாஸ்டர் கட்டோடு, ஊன்றுகோல் பிடித்து, ஒரு மைலை 27 நிமிடத்தில் கடந்து அன்றைய கணக்கை எழுதினார். கார் விபத்தில் மார்பெலும்பு முறிந்தபோதும் மறுநாளே ஒரு மைல்.

தினம் ஓடுபவர்களுக்கென்று 2000ல் அமெரிக்காவில் ஒரு சங்கம் ஏற்பட்டது. அதன் விதி: ஒவ்வொரு காலண்டர் நாளிலும் குறைந்தது ஒரு மைல் தொடர்ச்சியாக, செயற்கைக் கால் தவிர வேறு எந்தத் துணைக் கருவியும் இல்லாமல், சொந்த உடம்பின் பலத்தில் ஓட வேண்டும். இந்த எழுத்தை வைத்துப் பார்த்தால் ஊன்றுகோல் நாட்கள் கேள்விக்குரியவை. அந்த நாட்கள் சேருமா என்று ஓட்டக்காரர்களிடையே விவாதமும் உண்டு. ஹில் தன் தொடர் அறுந்ததாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊன்றுகோல் சேர்த்தியா இல்லையா என்பது எங்கள் பார்வையில் இரண்டாம்பட்சம். அறுவை நடந்த பாதத்தை அசைக்க வேண்டாம் என்று உடம்பு சொல்லும்போது அதற்கு இடம் கொடுக்கும் வரி அவருடைய விதியில் இல்லை. கோளாறு அங்கேதான். ‘குறைந்தது ஒரு மைல்’ என்று சொன்ன விதி, எப்போது பூஜ்யம் ஓடலாம் என்று சொல்லவில்லை.

இப்படி எழுதாமல் விட்டதற்கு விலை இரண்டு விதமாக வரும். ஹில் போன்ற ஆள் காயத்தோடு ஓடுவார். மற்றவர்கள், அதாவது நம்மில் பெரும்பாலோர், ஒரு நாள் விட்டதும் மொத்தத்தையும் விட்டுவிடுவோம். 1975ல் ஹெர்மன், மேக் என்ற இரு உளவியலாளர்கள் இந்த இரண்டாவதைச் சோதனையில் பிடித்தார்கள். உணவைக் கட்டுப்படுத்தி வந்தவர்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீம் ருசி பார்க்கச் சொன்னார்கள். மில்க் ஷேக் குடித்தவர்கள், குடிக்காதவர்களைவிட அதிகமாக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். ‘இன்றைய கட்டுப்பாடு போயே போச்சு, இனி என்ன’ என்ற கணக்கு. 140வது நாளில் ஒரு நாள் விட்டவர் 141ல் புத்தகத்தைத் தொடாததும் இதே கணக்கில்தான்.

இதற்கு மருந்து இருக்கிறது. மரிசா ஷரீஃப், சுசான் ஷூ இருவரும் 2017ல் வெளியிட்ட ஆய்வு இது. ஒரு வாரம், தினமும் கணினியில் ஒரு சலிப்பான வேலையைச் செய்ய வேண்டும். ஏழு நாளும் செய்ய வேண்டும் என்ற கடின இலக்குக் குழுவில் 21 சதவீதம் பேர் இலக்கைத் தொட்டார்கள். ஐந்து நாள் போதும் என்ற எளிய இலக்குக் குழுவில் 26 சதவீதம். ஏழு நாள் இலக்கு, ஆனால் அவசரத்துக்கு இரண்டு நாள் கையிருப்பு என்ற குழுவில் 53 சதவீதம். இரண்டாவதும் மூன்றாவதும் கணக்குப்படி ஒன்றேதான், இரண்டிலும் ஐந்து நாள் செய்தால் ஜெயிக்கலாம். ஆனால் கையிருப்பு என்று பெயர் வைத்ததும் ஆட்கள் அதைச் செலவழிக்கத் தயங்கினார்கள். தவறிய பின்னும் ஆட்டத்தில் இருந்தார்கள்.

சொந்தமாக அமைப்பது

முதலில் தரை அளவு. கடந்த 30 நாளை நினைவுபடுத்தி, அதில் மிக மோசமான மூன்று நாளை எடுங்கள்: காய்ச்சல் இல்லாத, ஆனால் வேலையும் அலைச்சலும் மூச்சு முட்டிய நாட்கள். அன்று இரவு எவ்வளவு செய்திருக்க முடியும்? அதில் பாதி வையுங்கள். போட்டித் தேர்வுக்கு என்றால் முந்தைய ஆண்டு வினாத்தாளில் ஐந்து கேள்வி, விடை சரிபார்ப்பது உட்பட. எழுதுபவருக்கு 50 சொல். வீணையோ பாட்டோ பழகுபவருக்கு ஒரு சரளி வரிசை மூன்று காலத்தில். நடைக்கு 10 நிமிடம். கேட்க வெட்கமாக இருக்கும் அளவுதான் சரியான அளவு. ஓட்டமே வேண்டும் என்பவர் இதுவரை ஓடாதவர் என்றால் தினசரி ஓட்டத்தில் இறங்க வேண்டாம். முன்கால் எலும்பும் தசைநாரும் பளு தாங்கப் பழக மாதங்கள் ஆகும். மூச்சு அதற்கு முன்பே பழகிவிடுவதால் ஆள் ஏமாந்துவிடுவார். தினம் நடை தரையாகவும், ஒன்று விட்டு ஒரு நாள் ஓட்டம் இலக்காகவும் இருக்கட்டும்.

இரண்டாம் வாரம் ஆபத்தான வாரம். ‘இவ்வளவு சுலபமா’ என்று தோன்றி, ஐந்து கேள்வியை இருபதாக்கத் தூண்டும். இருபது செய்யலாம், நாற்பதும் செய்யலாம். தரையை ஏற்றக் கூடாது. மூன்று மாதம் தாண்டும்வரை விதியைத் தொடவே வேண்டாம். அதற்குப் பிறகும் ஏற்றியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை, ஹில் ஏற்றவில்லை.

அடுத்தது, நாள் என்றால் எது என்று எழுதுவது. பகல் வேலைக்காரருக்கு நள்ளிரவோடு நாள் முடியலாம். நைட் ஷிஃப்ட் பார்க்கும் நர்சுக்கும் ஐடி ஊழியருக்கும் நள்ளிரவு என்பது வேலையின் நடுவில் வரும். அவர்கள் ‘தூங்கி எழுந்ததிலிருந்து அடுத்த தூக்கம் வரை’ என்று எழுதிக்கொள்ள வேண்டும். இதை முதலிலேயே எழுதாவிட்டால் முதல் ஷிஃப்ட் மாற்றத்திலேயே குழப்பம் வரும்.

பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வினாத்தாள் அலமாரியில் பூட்டியிருந்தால் ஐந்து கேள்வியும் பெரிய வேலையாகிவிடும். ஒரு பிரதி மேஜையில், ஒரு பிரதி பைக்குள். ஷூ வாசலில், சாக்ஸ் அதற்குள்ளேயே.

பிறகு இடைஞ்சல் பட்டியல். ‘இப்படி ஆனால் அப்படி’ என்ற வடிவில், முன்கூட்டி. இரவு ரயிலில் ஊருக்குப் போகும் நாள் என்றால் ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன்பே முடிப்பது. ரயிலில் பார்க்கலாம் என்றால் நடக்காது, விளக்கை அணைத்துவிடுவார்கள். கல்யாண வீடு என்றால் மண்டபத்துக்குப் போகும் முன். சென்னையில் மே மாதம் என்றால் நடையோ ஓட்டமோ காலை ஆறுக்குள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் தண்ணீர் நின்றால் மாடி வராந்தா. 10 மீட்டர் நீள வராந்தாவில் ஒரு மைல் என்பது 161 தடவை போவது. எப்போதும் ஒரே பக்கம் திரும்பினால் ஒரு முழங்கால் மட்டும் பளு வாங்கும், ஆகவே பத்து தடவைக்கு ஒரு முறை திரும்பும் பக்கத்தை மாற்ற வேண்டும். சாவு வீடு இந்தப் பட்டியலில் வராது. அது கையிருப்பில் போகும்.

கையிருப்பு நாள் மாதத்துக்கு இரண்டு. ஆபீஸில் சி.எல். மாதிரி: கேட்காமலே கிடைக்கும், ஆனால் எடுத்தால் பதிவாகும். நோட்டில் ‘கை’ என்று எழுதி, காரணம் ஒரு சொல். அடுத்த மாதத்துக்குச் சேராது. சேர விட்டால் டிசம்பரில் இருபது நாள் மொத்தமாக எடுத்துக்கொள்ளத் தோன்றும். இரண்டையும் அடுத்தடுத்து எடுக்கலாம். மூன்றாம் நாள் தரை அளவு கட்டாயம்.

கடைசி வரி, நிறுத்தும் விதி. ஹில்லின் ஏற்பாட்டில் இல்லாதது இது. உடலுழைப்புப் பழக்கம் என்றால் இதை எழுதாமல் தொடங்கவே கூடாது. மூக்கடைப்பு, லேசான தொண்டைக் கரகரப்பு இருந்தால் தரை அளவு நடை பரவாயில்லை. காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச் சளி, வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் பூஜ்யம். வைரஸ் காய்ச்சலோடு ஓடினால் இதயத் தசை வீங்கும் அபாயம் உண்டு. எலும்பில் விரல் வைத்தால் ஒரே புள்ளியில் வலித்தால் பூஜ்யம், டாக்டரைப் பார்க்க வேண்டும். நெஞ்சு வலி, மயக்கம், வழக்கமில்லாத மூச்சுத் திணறல் வந்தால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், மீதி தூரத்தை முடிக்கக் கூடாது. இந்த நாட்கள் கையிருப்பிலும் கழியாது. நோட்டில் ‘நிறுத்தம்’ என்று தனியாக ஏறும்.

இது மிகையான எச்சரிக்கை என்று நினைப்பவர்கள் 2017 ஜனவரி 28ஐப் பார்க்கலாம். அன்று ஹில்லுக்கு வயது 78. மைலைத் தொடங்கி 400 மீட்டரிலேயே நெஞ்சில் வலி. போகப் போக வலி கூடியது. செத்துவிடுவோமோ என்று தோன்றியதாக அவரே பிறகு சொன்னார். ஆனாலும் முடித்தார், 16 நிமிடம் 34 விநாடி. அதன்பிறகுதான் தொடரை நிறுத்தும் முடிவை எடுத்தார். மனைவிக்கும் குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் தனக்கும் அந்தக் கடமை இருக்கிறது என்று அறிவித்தார். முடிவு சரி. அதை 400 மீட்டரில் எடுக்க விடாமல் தடுத்தது 52 ஆண்டு எண்ணிக்கை. நிறுத்தும் விதியை அமைதியான ஒரு நாளில் முன்பே எழுதி வைத்திருந்தால் அங்கே யோசிக்க வேண்டியிருந்திருக்காது. தொடர் எவ்வளவு நீளமோ அவ்வளவு கஷ்டம் அதை நிறுத்துவது. ஆகவே இந்த வரியை முதல் நாளே எழுத வேண்டும். நூறாவது நாளில் எழுத மனசு வராது.

அறுந்த பிறகு

கையிருப்பும் தீர்ந்து, நிறுத்தமும் இல்லாமல், சும்மாவே விட்டுப்போன நாட்கள் எல்லாருக்கும் வரும். ஒரு நாள் என்றால் மறுநாள் வழக்கமான தரை. ஈடுகட்ட இரட்டிப்பாகச் செய்யக் கூடாது. இரட்டிப்பு அடுத்த நாளையும் சேர்த்துக் கவிழ்க்கும். நாலு நாளுக்கு மேல் விட்டிருந்தால், ஒரு வாரம் தரையில் பாதி: ஐந்து கேள்விக்கு இரண்டு, பத்து நிமிட நடைக்கு ஐந்து. கொக்கி மட்டும் பழையதேதானா என்று முதல் நாளே பார்க்க வேண்டும், ஏனென்றால் நாலு நாள் விடுவதற்குப் பெரும்பாலும் கொக்கி மாறியதுதான் காரணம்: ஸ்கூல் லீவு, வீடு மாற்றம், ஷிஃப்ட் மாற்றம். காய்ச்சலுக்குப் பின் என்றால், மாத்திரை இல்லாமல் இரண்டு நாள் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு நடை. டெங்கு என்றால் டாக்டர் சொல்லும் தேதி.

எண்ணும் முறையையும் அன்றே மாற்றிவிடலாம். ‘தொடர்ந்து எத்தனை நாள்’ என்பதை அடித்துவிட்டு, ‘இந்த ஆண்டில் இதுவரை எத்தனை நாள்’ என்று எழுதத் தொடங்குங்கள். ஒரு நாள் விட்டால் முதல் எண் பூஜ்யமாகும். இரண்டாவது எண் 212ல் நிற்கும், மறுநாள் 213.